உட்புறம் வெளுக்காமல் இருக்கக் கார்க் கண்ணாடிக்கு எந்த ஃபிலிம்?

சாம்பல்செடான் கேட்கிறார்:

வணக்கம். என் கார் பகல் முழுவதும் திறந்தவெளியில்தான் நிற்கிறது. அலுவலகத்தில் கூரை போட்ட நிறுத்துமிடம் கிடையாது. உட்புறம் முழுக்க இளம்பழுப்புத் தோல். பின்சீட்டின் மேல்விளிம்பு இப்போதே நிறம் மாறத் தொடங்கிவிட்டது. ஓட்டுநர் பக்கக் கதவில் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக்கும் வெளிறியிருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், டேஷ்போர்டின் நிறம் அப்படியே இருக்கிறது.

ஃபிலிம் ஒட்டலாம் என்று கடைகளில் விசாரித்தேன். ஒருவர் 20 சதவீதம் போடுங்கள் என்கிறார். இன்னொருவர் 50 போதும், ஆனால் செராமிக்காக (நுண்ணிய செராமிக் துகள்கள் கலந்த ஃபிலிமாக) இருக்க வேண்டும் என்கிறார். மூன்றாமவர் ஏறக்குறைய நிறமே இல்லாத ஒன்றைக் காட்டினார். புற ஊதாக் கதிரை 99 சதவீதம் தடுக்கும் என்று மூவருமே சொல்கிறார்கள். மூன்றும் ஒரே வேலையைச் செய்யும் என்றால் விலையில் ஏன் அவ்வளவு வித்தியாசம்?

உள்ளே இருப்பவர் வெளியே தெரியக் கூடாது என்ற எண்ணம் எனக்கு இல்லை. அம்மாவும் இந்தக் காரை ஓட்டுவார், பெரும்பாலும் மாலைக்குப் பிறகு. அதனால் இருட்டாக இருக்கவும் வேண்டாம். சீட்டும் கதவும் மேற்கொண்டு கெடாமல் இருந்தால் போதும்.

கடைசிகியர்:

யோசிக்கவே வேண்டாம், எது கறுப்பாகக் கிடைக்கிறதோ அதைப் போடுங்கள். வெளிச்சம் குறைந்தால் வெயிலும் குறையும். என் காரில் சுற்றிலும் 15 சதவீதம். ஏறி உட்கார்ந்ததும் குளுமை தெரிகிறது.

தையல்மேசை:

கடைசிகியர், உங்கள் காரில் குளுமை கூடியிருக்கும் என்பதை நம்புகிறேன். ஆனால் கேட்டவரின் தேவை வேறு. அவருடைய சீட் காக்கப்பட வேண்டும். அவருடைய அம்மாவுக்கு இரவில் பாதை தெரிய வேண்டும். 15 சதவீத ஃபிலிம் வழியாக இருட்டில் பார்த்துக்கொண்டு பின்னோக்கி எடுக்கும்போது, வண்டியின் பக்கவாட்டில் ஒரு குழந்தை நின்றால் தெரியாமல் போகலாம். பக்கக் கண்ணாடிகளை எவ்வளவு இருட்டாக்கலாம் என்பதற்குப் பல நாடுகளில் சட்ட வரம்பும் உண்டு; சில இடங்களில் ஒட்டவே அனுமதி இல்லை. உங்கள் பகுதி விதியைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். போக்குவரத்துத் துறையின் விதியை நேராகப் படியுங்கள்.

சாம்பல்செடான், கார்களின் உட்புறத்தைத் தைப்பதும் புதுப்பிப்பதும் என் தொழில். வெளுத்த தோல், வெடித்த டேஷ்போர்டு, தொட்டால் பொடியாக உதிரும் நுரை எல்லாம் என் மேசைக்குத்தான் வந்து சேர்கின்றன. அதனால் ஃபிலிமை விற்பவர் கண்ணால் பார்க்காமல், வெயில் விட்டுச்சென்ற சேதத்திலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் காரில் டேஷ்போர்டு தப்பித்து, பின்சீட்டும் கதவும் வெளுத்ததற்குக் காரணம் கண்ணாடிகளின் கட்டமைப்பு. முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. உடைந்தால் சில்லுகள் சிதறாமல் இருப்பதற்காக வைத்த அந்தப் படலம், புற ஊதாக் கதிரையும் பெருமளவு உறிஞ்சிவிடுகிறது. பக்கக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் பெரும்பாலான கார்களில் ஒற்றைத் தகடாலான டெம்பர்ட் கண்ணாடி, அதாவது சூடேற்றி உறுதியாக்கியது. அவற்றில் அந்தப் படலம் இல்லை. 2016இல் ஒரு கண் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 29 கார்களை அளந்து பார்த்திருந்தார்கள். புற ஊதாவில் அலைநீளம் அதிகமான ஏ வகைக் கதிரை முன்கண்ணாடிகள் சராசரியாக 96 சதவீதம் தடுத்தன. ஓட்டுநர் பக்கக் கண்ணாடிகளின் சராசரி 71 சதவீதம்தான். அதைவிட முக்கியம், அந்தப் பக்கக் கண்ணாடிகளில் காருக்குக் கார் இருந்த வேறுபாடு: மிக மோசமானது 44, மிக நல்லது 96. விலை உயர்ந்த கார் என்பதால் நல்ல கண்ணாடி இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கண்ணாடியின் மூலையில் பொறித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். லேமினேட்டட்டா டெம்பர்ட்டா என்று பல கார்களில் எழுதியே இருக்கும்.

ஆகவே உங்கள் காரில் முதலில் ஃபிலிம் கேட்பது பின்கண்ணாடி. செடானில் அது சரிந்து படுத்திருக்கும். உச்சி வெயில் நேராகப் பின்சீட்டின் தலைப்பகுதியில் விழும். என்னிடம் வரும் செடான்களில் அந்த விளிம்புதான் முதலில் போகிறது, அதன் பிறகே மற்ற இடங்கள். அடுத்து, கார் நிற்கும்போது பிற்பகல் வெயில் படும் பக்கத்துக் கதவுகள்.

இப்போது சதவீதக் கணக்கு. 20, 50 என்று அவர்கள் சொல்வது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் எவ்வளவு உள்ளே வரும் என்பதை மட்டுமே. எண் குறைந்தால் இருட்டு. புற ஊதாக் கதிரைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. அதைத் தடுக்கும் பொருள் ஃபிலிமின் பாலியஸ்டர் படலத்திலோ பசையிலோ கலந்திருக்கிறது. அதற்கு நிறம் தேவையில்லை. எனவே நிறமற்ற ஃபிலிம் காட்டியவர் சொன்ன 99 உண்மைதான், மற்ற இருவர் சொன்னதும் உண்மைதான்.

ஆனால் அந்த 99இல் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: எந்த அலைநீளம் வரை? பல நிறுவனங்கள் 380 நானோமீட்டர் வரை அளந்து 99 என்று போடுகின்றன. புற ஊதா 400 வரை நீள்கிறது. அந்த இடைவெளியில் இருக்கும் கதிர்களும், அவற்றை அடுத்து வரும் ஊதா, நீல வெளிச்சமும் சாயங்களை வெளுக்கவைப்பவைதான். கடையில் “400 வரைக்குமா?” என்று கேளுங்கள். விவரத்தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

நீங்களே சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. 365 நானோமீட்டர் டார்ச் ஒன்றும், 395 டார்ச் ஒன்றும், பளிச்சென்ற வெள்ளைத்தாளும் வேண்டும். தாளில் சேர்த்திருக்கும் வெண்மையூட்டி புற ஊதா பட்டால் நீலமாக ஒளிரும். டார்ச்சுக்கும் தாளுக்கும் நடுவே ஃபிலிம் மாதிரியைப் பிடியுங்கள். 365இல் எல்லா நல்ல ஃபிலிம்களும் அந்த ஒளிர்வை அணைத்துவிடும். 395இல்தான் வித்தியாசம் வெளிப்படும். சிலவற்றின் பின்னால் தாள் தொடர்ந்து ஒளிரும், சிலவற்றின் பின்னால் மங்கிப்போகும். டார்ச்சைக் கண்ணுக்கு நேரே மட்டும் பிடிக்காதீர்கள்.

சாம்பல்செடான்:

மிக்க நன்றி ஐயா. பின்கண்ணாடியைப் பற்றி எந்தக் கடையிலும் சொல்லவில்லை. எல்லோரும் ஓட்டுநர் ஜன்னலிலேயே நின்றார்கள். கண்ணாடிகளின் மூலைகளைப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே முன்கண்ணாடியில் மட்டும் லேமினேட்டட் என்று இருக்கிறது.

புற ஊதா எல்லாவற்றிலும் நிற்கும் என்றால் நிறமற்றதையே ஒட்டிவிடலாமா? செராமிக் விற்றவர் ஒரு விளக்கு வைத்திருந்தார். வெறும் கண்ணாடிக்குப் பின்னால் கையை வைத்தால் சுட்டது. செராமிக் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் சூடே தெரியவில்லை. அகச்சிவப்பு 95 சதவீதம் தடை என்றார். அது உட்புறத்துக்கு உதவுமா, இல்லை நமக்குக் குளுமைக்கு மட்டுமா?

தையல்மேசை:

உதவும். வெளுப்பதைப் புற ஊதா தொடங்கிவைக்கிறது என்றால், வெப்பம் அதை விரட்டிக்கொண்டு போகிறது. வெப்பம் தனியாகச் செய்யும் கேடும் உண்டு. டேஷ்போர்டு போன்றவற்றின் பி.வி.சி. பிளாஸ்டிக் மேற்பரப்பை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் சூட்டில் மெல்ல ஆவியாகிறது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் அந்தப் பிசுபிசுப்பான மங்கல் படலத்தில் அது நிறைய இருக்கிறது. அது போன பிறகு மேற்பரப்பு இறுகிச் சுருங்கி, காற்றுப்பை மூடியின் ஓரத்திலோ ஸ்பீக்கர் துளையின் மூலையிலோ வெடிக்கத் தொடங்கும். தோலில் ஈரமும் எண்ணெயும் வற்றுகின்றன. சூடும் குளிருமாக மாறி மாறி நீண்டு சுருங்குவதில் கூரைத்துணியின் பசை விட்டுப்போய்த் துணி தொங்குகிறது. இவற்றை நிறமற்ற, வெப்பத்தைக் கவனிக்காத ஃபிலிம் நிறுத்தாது.

ஆனால் அந்த விளக்கை நம்பி முடிவு செய்யாதீர்கள். விளக்கிலிருந்து வருவது ஏறக்குறைய முழுவதும் அகச்சிவப்பு. சூரிய ஆற்றலில் அகச்சிவப்பு பாதியளவு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மீதிப் பாதியை நெருங்கும். புற ஊதா சில சதவீதம்தான். வெளிச்சமும் சீட்டில் விழுந்து வெப்பமாகத்தான் முடிகிறது. எனவே விளக்கின் முன்னால் காட்டிய அவ்வளவு பெரிய வித்தியாசத்தை வெயிலில் எதிர்பார்க்க முடியாது. அந்த 95ஐயும் பலர் 900 முதல் 1000 நானோமீட்டர் போன்ற குறுகிய பட்டையில் அளந்து சொல்கிறார்கள். சூரியனின் அகச்சிவப்பு 780இலிருந்து 2500 வரை பரந்திருக்கிறது.

கேட்க வேண்டிய எண் டி.எஸ்.இ.ஆர். என்பது. சூரிய ஆற்றல் முழுவதிலும் எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்பதை அது சொல்லும். புற ஊதா, வெளிச்சம், அகச்சிவப்பு மூன்றும் அதில் அடக்கம். 50 சதவீத வெளிச்சம் விடும் இரண்டு ஃபிலிம்களை எடுத்தால், வெறும் சாயம் ஏற்றியது 30ஐ ஒட்டி இருக்கும். நல்ல செராமிக் 50ஐ ஒட்டி இருக்கும். வெளிச்சத்தைத் தாராளமாக விடும் எந்த ஃபிலிமும் 60ஐத் தாண்டுவது கடினம், ஏனென்றால் அந்த வெளிச்சமே ஆற்றல். இருட்டு இல்லாமல் வெப்பத்தையும் குறைக்க வேண்டும் என்பதால் உங்களுக்குச் செராமிக் பொருந்துகிறது. விலை வித்தியாசத்துக்கான காரணமும் இதுவே.

செராமிக்கின் ஓர் இயல்பையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பெரும்பாலான செராமிக் ஃபிலிம்கள் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதைவிட உறிஞ்சிக்கொள்வதே அதிகம். கண்ணாடி சூடாகும். ஓடும்போது வெளிக்காற்று அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும்; ஓடும் காரில் செராமிக் அவ்வளவு நன்றாக இருப்பதற்கு அது ஒரு காரணம். நிற்கும் காரில் அந்தச் சூட்டில் ஒரு பங்கு உள்பக்கமும் வீசும். சாத்திய கார் நாள் முழுக்க வெயிலில் நின்றால் ஃபிலிம் இருந்தாலும் உள்ளே சூடு ஏறியே தீரும். மெதுவாக ஏறும், உச்சம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். உங்கள் கார் பெரும்பாலும் நிற்கிறது என்றீர்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அதனால் டேஷ்போர்டுக்கு என் விடை ஃபிலிம் அன்று, மறைப்பு. முன்கண்ணாடியில் புற ஊதா ஏற்கெனவே நின்றுவிட்டது. மிச்சம் வெப்பமும் வெளிச்சமும். பளபளக்கும் பக்கம் வெளிநோக்கி இருக்கும்படி, முன்கண்ணாடியின் அளவுக்கு வெட்டிய மடக்கு மறைப்பு இரண்டையும் டேஷ்போர்டில் படுவதற்கு முன்பே திருப்பி அனுப்பும். முன்கண்ணாடிக்குப் பல நாடுகளில் 70 சதவீதம் வெளிச்சம் வந்தாக வேண்டும் என்ற வரம்பு இருப்பதால் ஃபிலிமால் அங்கே செய்ய முடிந்ததும் கொஞ்சமே. 2018இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோடை வெயிலில் நிறுத்திய கார்களை அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் டேஷ்போர்டு சராசரியாக 69 பாகை செல்சியஸ், சீட் 51. நிழலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு 48, சீட் 41. டேஷ்போர்டில் மட்டும் 21 பாகை வித்தியாசம், வெறும் நிழலால். ஒரு மரத்தடி கிடைத்தால் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தாலும் அங்கேயே விடுங்கள்.

கண்ணாடிக்காரன்:

ஃபிலிம் ஒட்டுவது என் வேலை. தையல்மேசை ஐயா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை; ஒட்டும் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

கண்ணாடிக்கே ஒரு வெளிச்ச அளவு உண்டு. 80 சதவீதம் விடும் கண்ணாடியில் 50 ஃபிலிம் ஒட்டினால் 40தான் வரும். இரண்டையும் பெருக்க வேண்டும். 70 வரம்பு இருக்கும் இடத்தில் 70 ஃபிலிம் ஒட்டினால் 56 ஆகிவிடும், சோதனையில் தோற்பீர்கள். முதலில் வெறும் கண்ணாடியை வெளிச்சம் அளக்கும் மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். பின்கதவுகளில் தொழிற்சாலையிலிருந்தே கருத்த கண்ணாடி வந்திருந்தால் அதையும் அளக்க வேண்டும். அந்தக் கருமை கண்ணாடியிலேயே கலந்த நிறம், புற ஊதாவுக்கு அதை நம்பாதீர்கள். அதன் மேல் நிறம் குறைந்த செராமிக் ஒட்டினால் போதும்.

உலோகம் பூசிய ஃபிலிம் வெப்பத்தை நன்றாகவே திருப்பும். ஆனால் ரேடியோ, ஜி.பி.எஸ். வழிகாட்டி, கைபேசி சிக்னல்களை அது பலவீனமாக்கக்கூடும். பின்கண்ணாடியில் ஆன்டெனா கம்பி ஓடும் கார்களில் நான் அதை ஒட்டுவதில்லை.

மலிவான சாய ஃபிலிம் ஊதாவாக மாறிக் குமிழ் விடும்போது பழுது ஃபிலிமோடு நிற்பதில்லை. பின்கண்ணாடியில் பனி நீக்கும் கோடுகளின் மேல் அது ஒட்டியிருக்கும். கத்தியால் சுரண்டினால் கோடுகள் அறுந்துவிடும். நீராவி கொடுத்து, மூலையிலிருந்து மெதுவாக உரிக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது இருந்து பாருங்கள். ஒட்டும் முன் உட்புறக் கதவுத் தகட்டைத் துணியால் மூடுகிறார்களா என்பதைக் கவனியுங்கள். வழியும் சோப்புத் தண்ணீர் ஜன்னல் பொத்தான்களுக்குள் போகக் கூடாது. பின்கண்ணாடி வளைந்தது, அதில் ஃபிலிமை வெளிப்பக்கம் விரித்து, சூடு காட்டிச் சுருக்கி வடிவம் கொடுத்த பிறகே உள்ளே ஒட்ட வேண்டும். துண்டு துண்டாக வெட்டி ஒட்டுகிறேன் என்பவரிடமிருந்து வெளியே வந்துவிடுங்கள். கண்ணாடியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் கறுப்புப் புள்ளிகளின் மேல் ஃபிலிம் முழுதாகப் பிடிக்காமல் சாம்பல் கோடு போலத் தெரியும். அது வேலைக் குறைபாடு இல்லை, புள்ளிகள் மேடாக இருப்பதால் வருவது.

ஒட்டிய பின் சில நாள் ஜன்னலை இறக்காதீர்கள். சிறு நீர்க்குமிழ்களும் லேசான மங்கலும் காய்ந்து போக வாரக்கணக்கில்கூட ஆகும், விரலால் அழுத்தாதீர்கள். பிறகும் அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் வேண்டாம்; மென்மையான துணியும் லேசான சோப்புத் தண்ணீரும் போதும்.

சாம்பல்செடான்:

இருவருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன்: பின்கண்ணாடிக்கும் பின்கதவுகளுக்கும் 50 செராமிக், 400 வரை தடுப்பது. முன்கதவுகளுக்குக் கண்ணாடியை அளந்த பிறகு, விதிக்குள் வரும் மிக வெளிர்ந்த செராமிக். முன்கண்ணாடிக்கு மடக்கு மறைப்பு.

கடைசியாக ஒன்று. வெளுத்துப்போன அந்தச் சீட் விளிம்பை முதலில் சரிசெய்துவிட்டு ஃபிலிம் ஒட்டுவதா, ஒட்டிய பிறகு சரிசெய்வதா?

தையல்மேசை:

நல்ல தேர்வு. முன்கதவில் வெளிர்ந்ததை எடுப்பது அம்மாவுக்காக மட்டும் அல்ல, கதவுக்கு வெளியே இருக்கும் சைடு மிரரைப் பார்க்கும் யாருக்கும் நல்லது.

முதலில் ஃபிலிம். போன நிறத்தை எந்த ஃபிலிமும் திருப்பித் தராது, ஆனால் வெயில் தடைப்படாத சீட்டுக்கு நிறம் பூசினால் அதுவும் வெளுக்கும். ஃபிலிம் காய்ந்த பிறகு தோலை அதற்குரிய சோப்பால் சுத்தம் செய்து, பழைய பளபளப்புத் திரவங்களை நீக்கிவிட்டு நிறம் கொடுக்கச் சொல்லுங்கள். வெயில் படாத இடத்தோடு நிறத்தை ஒப்பிட வேண்டும். சீட்டின் அடிப்பக்கம் அதற்குச் சரியான மாதிரி.

நிறத்துக்கு முன்பு தையலைப் பாருங்கள். வெளுத்த விளிம்பில் ஓடும் நூலை நகத்தால் நெருடுங்கள். இழை பிசிறு விட்டாலோ சட்டென்று அறுந்தாலோ அது வெயிலில் நைந்த நூல். நைலான் நூல் வெயிலுக்குப் பாலியஸ்டரைவிட விரைவில் தோற்கும்; மறுபடி தைக்கும்போது பாலியஸ்டர் கேளுங்கள். ஆனால் சீட்டின் பக்கவாட்டில் காற்றுப்பை இருந்தால் அந்தத் தையலைச் சாதாரண நூலால் தைக்க யாரையும் விடாதீர்கள். விபத்தில் பிரிந்து வழிவிட வேண்டும் என்பதற்காகவே வேறு நூலில் அதைத் தைத்திருப்பார்கள்.

பின்சீட்டின் சீட் பெல்ட்டையும் முழு நீளத்துக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். மேல்விளிம்பு வெளுத்திருக்கிறது என்றால் அதே வெயில் பெல்ட்டின் மேல்பகுதியிலும் விழுந்திருக்கும். உள்ளே சுருண்டிருந்த பகுதியைவிட வெளியே இருந்தது வெளிறி, விறைப்பாக, ஓரம் பிசிறாக இருந்தால் அதற்குச் சாயம் பூசக் கூடாது. பெல்ட்டையே மாற்றிவிடுங்கள்.